சுத்தி கொத்தா?

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். கூட்டுவதற்கு அதில் இடமே இல்லை. உள்ளதே ஒரு ஆளுக்கு மிகவும் அதிகம். உலகம் முழுக்கத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் வாயடைத்து நின்ற ஒரு மாலையில், ஒரே மகனை நினைத்துப் பதறி ஓடிவந்த ஒரு அம்மாவிடம் நான் ஒரு சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும், மரியாதையாக.

இதை எழுதும்படி ஆனதற்குக் காரணம் எங்கள் அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசை. போன வாரம் அங்கே பேச்சு லாக்டவுன் பக்கம் திரும்பியது. அறிவிப்பு வந்தபோது யார் யார் எங்கே இருந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் ஓசூர் பஸ்ஸில் பாதி வழியில் இருந்தாராம். இன்னொருவர் சலூன் நாற்காலியில் இருந்தாராம். இடது பக்கம் வெட்டி முடிந்து வலது பக்கம் பாக்கி. அந்த வலது பக்கம் அதற்குப் பிறகு எத்தனை மாதம் வளர்ந்தது என்பதை அவர் கையை வைத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்து முடித்ததும், எதிரே இருந்த பெண் என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க பழைய ஆளு. அந்த ட்வின் டவர் விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

பழைய ஆளு என்றதை விழுங்கிக்கொண்டேன். "அல்சூர்ல. மொட்டை மாடில. கையில சுத்தியோட" என்றேன்.

"வீட்ல ரிப்பேர் வேலையா சார்?"

"இல்லம்மா. மொழி பெயர்ப்பு."

அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. சந்தாபுராவில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "மறுபடியும் அந்தச் சுத்திக் கதையா? ஒரேயடியா எழுதிடுங்க, கேக்கறவங்களுக்குக் காகிதத்தைக் கொடுத்துடலாம்" என்றாள். ஆகவே இது.

அப்போது நான் ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வயது இருபத்து மூன்று. ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதாவது என்னைச் சேர்த்துக்கொண்டு, வேலை கொடுக்க மறந்துவிட்டார்கள். அல்சூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மொட்டை மாடியில் ஒற்றை அறை. எட்டிப் பார்த்தால் ஏரி தெரியும் என்று சொல்லித்தான் காட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

வீட்டுக்காரர்கள் கீழே இருந்தார்கள், கணவனும் மனைவியும் மட்டும். அவர் ஒரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் வேலை பார்த்த பிரிவில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் தமிழ் சுத்தமாகப் பேசுவார். ஆனால் பேசமாட்டார். ஒவ்வொரு சொல்லையும் ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தவர் மாதிரி, கணக்காகத்தான் செலவழிப்பார். அந்தம்மா மண்டியா பக்கம். அவர் மிச்சம் பிடித்த சொற்களையெல்லாம் சேர்த்து இவர் பேசிவிடுவார். தமிழும் கன்னடமும் ஒன்றாகக் கலந்து வரும்.

முதல் நாள் அந்தம்மா என்னைக் கேட்டது: "யாவ ஊரு?"

எந்த ஊர் என்று கேட்கிறார், இது புரியாதா? "ஆரணி" என்றேன். அவர் தலையாட்டினார். என் தலைக்கனம் அந்த நிமிடத்தில் ஆரம்பித்தது. கன்னடத்தில் இவ்வளவுதானா! உட்கார்ந்து யோசித்து ஒரு சூத்திரமும் கண்டுபிடித்தேன். பால் ஹாலு. பல் ஹல்லு. பத்து ஹத்து. பூ ஹூவு. ஆகவே 'ப' வருகிற இடத்தில் 'ஹ' போட வேண்டியது, வேலை முடிந்தது. அன்று மாலையே மார்க்கெட் ஓரத்து ஓட்டலில் போய் உட்கார்ந்து, "ஹரோட்டா இதெயா?" என்று கேட்டேன். சப்ளையர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "பரோட்டா இருக்கு, குருமா காலி" என்றார், வேலூர்த் தமிழில்.

அப்போதாவது அடங்கியிருக்கலாம். மறுநாள் அந்தம்மா, "தம்பிக்குக் கன்னடம் வருமா?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில்தான் இந்தக் கதை முழுவதற்கும் காரணம்.

"ஃபுல்லா வரும்மா. ரெண்டே நாள்ல பிடிச்சுட்டேன்."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த நிமிடத்திலிருந்து என்னிடம் தமிழில் பேசுவதைக் கூடியவரை நிறுத்திவிட்டார்.

தினமும் காலையில் நான் படி இறங்கும்போது கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்து, "சென்னாகிதியா?" என்பார். சென்னையா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லம்மா, ஆரணி" என்பேன். அடுத்த நாளும் அதே கேள்வி; அதே பதில். இந்தம்மாவுக்கு ஞாபக மறதி இருக்கிறது, பாவம், என்று மனதுக்குள் இரக்கப்பட்டேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, "ஆரணிம்மா, ஆரணி! சென்னைக்குப் போனதே ரெண்டு தடவைதான்!" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார சார் பேப்பரை இறக்கினார்.

"அவ ஊரைக் கேக்கல. நல்லா இருக்கியான்னு கேக்கறா."

"ஓ."

"நல்லா இருந்தா 'சென்னாகிதீனி'ன்னு சொல்லு. ஆரணின்னு சொல்லாதே."

பேப்பர் மேலே ஏறிவிட்டது. அந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் "சென்னாகிதீனி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த ஒரு சொல் அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

இனிமேல்தான் சுத்தியல் வருகிறது. துணி உலர்த்தக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஆணி அடிக்கவேண்டும். சாரிடம் கேட்டேன். அவர் உள்ளே போய், ஒரு பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு சுத்தியலை எடுத்துவந்தார். தொழிற்சாலையில் சேர்ந்த காலத்திலிருந்து கூடவே இருப்பதாம். கைப்பிடி அவர் உள்ளங்கைக்குத் தகுந்தமாதிரி தேய்ந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல் மினுங்கியது. சிறுநீரகத்தைத் தானம் கொடுப்பவர் முகத்தோடு என்னிடம் நீட்டினார்.

"சுத்திகே. ஜாக்கிரதை. ரெண்டு நாள்."

சுத்தியல் என்பதற்குக் கன்னடத்தில் சுத்திகே. நம் சுத்தியோடு ஒரு 'கே'. என் சூத்திரப் புத்தகத்தில் அதையும் குறித்துக்கொண்டேன்.

சுவர் அந்தக் காலத்துச் சுவர். முதல் அடிக்கு ஆணி வளைந்தது. இரண்டாவது அடிக்கு ஆணி எங்கேயோ பறந்தது. மூன்றாவது அடிக்குக் கைப்பிடி 'சடக்' என்று கழுத்துப் பக்கம் பிளந்தது. உடைப்பதற்கென்றே செய்த பொருள் அது. அதையே உடைத்தவனை நான் கேள்விப்பட்டதில்லை. பசை தடவி, சணல் சுற்றி, அதற்கும் மேல் ஒரு பழைய பனியனைக் கிழித்துக் கட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது. ரெண்டு நாள் போய் மூன்றாவது நாளும் வந்துவிட்டது. படியில் யார் கால் சத்தம் கேட்டாலும் சுத்தியலைப் பாய்க்கு அடியில் ஒளித்தேன். சுத்திக்குத்தான் வருகிறார்கள்.

அன்றும் அலுவலகத்தில் என்னை யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்பதால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். மேலே அறையில் டிவி கிடையாது. ரேடியோ கிடையாது. செல்போன் என்பது என் மேனேஜர் இடுப்பில் தொங்கும் பொருள். அமெரிக்காவில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பெங்களூரிலேயே தெரியாத ஒரே ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். பாயில் உட்கார்ந்து சுத்தியலுக்குப் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. பிறகு அந்தம்மாவின் குரல்.

"தம்பி! தம்பி! சுத்தி கொத்தா?"

என் காதில் விழுந்தது இது: சுத்தி கொண்டா.

உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. கன்னடத்தில் சுத்தி என்றால் சேதி. கொத்தா என்றால் தெரியுமா. 'சேதி தெரியுமா' என்று கேட்டிருக்கிறார். நம் எழுத்தில் எழுதினால் இரண்டு சுத்தியும் ஒன்றேதான். வாயில் சொல்லும்போது அவர்களுடைய சுத்தி கொஞ்சம் மெத்தென்று விழும். அந்த மெத்தைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

நான் செய்த முதல் காரியம், விளக்கை அணைத்தது.

"தம்பி? கரண்ட் போச்சா?"

"இல்லம்மா" என்றேன். பிறகு, "ஆமாம்மா."

"சுத்தி கொத்தா, தம்பி!" குரல் உடைந்துபோய் வந்தது. ஒரு சுத்தியலுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. கதவைத் திறந்து, கட்டுப் போட்ட சுத்தியலை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் பதற்றத்தில் அதை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் பார்த்தார்.

"இது ஏனு?"

இது என்ன என்று கேட்கிறார். இதுவும் எனக்குப் புரிந்தது. "சுத்திம்மா" என்றேன்.

இப்போது அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். சேதி தெரியுமா என்று கேட்டு ஓடிவந்தவரிடம், பனியன் சுற்றிய ஒரு பொருளைக் கொடுத்து, இதுதான் சேதி என்கிறான் ஒருவன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சுத்தியலின் தலை கழன்று, இரண்டு படி இறங்கி, எங்கேயோ இருட்டில் போய் நின்றது.

"அழாதீங்கம்மா" என்றேன். "உடைஞ்சது உடைஞ்சுபோச்சு. வேற வாங்கிக்கலாம்."

"வேறயா?"

"ஆமாம்மா. மார்க்கெட்ல கிடைக்கும்."

"தம்பி, எனக்கு இருக்கிறதே ஒண்ணே ஒண்ணு!"

"அதனால என்னம்மா? இனிமே ரெண்டா வாங்கி வெச்சுக்கலாம்."

அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் சந்தித்திருக்கிறேன்; இரண்டுமே என் மனைவியிடமிருந்து. அதற்குள் சார் படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"நம்ம பையன் நியூயார்க்ல இருக்கான். அங்க பெரிய பில்டிங்ல பிளேன் மோதிடுச்சு. போன் கிடைக்கல."

அவர் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அன்றுதான் கேட்டேன். உடனே அவர்களோடு கீழே கிளம்பினேன். ஆனாலும் முட்டாள் முட்டாள்தான்: கீழே இறங்கும்போது சுத்தியலின் தலையைக் காலால் தள்ளித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுத்தான் இறங்கினேன்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் மகனின் போட்டோ. குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் அந்த இரண்டு கோபுரங்களும் வெயிலில் நிற்கின்றன. ஆபீஸ் பக்கத்தில் எடுத்தது என்று எழுதி அனுப்பியிருந்தாராம். பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம் என்று இவர்களுக்குத் தெரியாது. போட்டோவுக்குக் கீழே, திரையில், அதே கோபுரங்கள் புகைந்துகொண்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இருந்த இடத்தில் புழுதி மட்டும் நின்றது. அந்தப் புழுதிக்குள் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துப் பார்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளையை நினைக்கவே நெஞ்சு போதவில்லை.

சார் போனைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அதே பெண் குரல், எல்லாத் தடங்களும் நெருக்கடியில் இருப்பதாக மிக மரியாதையாகச் சொன்னது.

"சார், ஈமெயில் ஐடி இருக்கா?" என்று கேட்டேன். அந்த மாலையில் என் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வாக்கியம் அது.

அந்தம்மா பூஜை அறைக்குள் ஓடினார். மகன் போகும்போது பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு, சாமி படத்துக்கு அடியில் இருந்தது. பிள்ளையின் முகவரி ஆயிற்றே, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் குங்குமம் போட்டிருக்கிறார். அவருடைய பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெயருக்கு நடுவே இருப்பது புள்ளியா, குங்குமமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விளக்கில் காட்டிப் பார்த்தோம். சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"புள்ளிதான்" என்றார்.

"குங்குமம் ரீ!" என்றார் அந்தம்மா. ரீ என்றால் நம் ஊர் 'என்னங்க'.

"புள்ளி வெச்சு ஒண்ணு, வெக்காம ஒண்ணு, ரெண்டா அனுப்பிடலாம் சார்" என்றேன். ரெண்டாக வாங்கி வைத்துக்கொள்வது அன்று ஒருவழியாக உபயோகப்பட்டது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பிரௌசிங் சென்டர். மூன்று பேரும் நடந்தோம். ஓடினோம் என்றும் சொல்லலாம். பிளைவுட் தடுப்புகளுக்குள் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. கடை வைத்திருந்த பாய் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"க்யா ஹுவா?"

"இவங்க பையன் நியூயார்க்ல இருக்கார் பாய்."

பாய் திரும்பி ஒரு சத்தம் போட்டார். "கேம் ஆடறவனெல்லாம் எழுந்திருங்கப்பா! சாட்டிங் பண்றவனும் எழுந்திரு! அம்மா, இங்க பைட்டோ. ஃபேன் கீழ பைட்டோ." அவரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தம்மா சொல்லச் சொல்ல, கன்னடத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டியது என்று ஏற்பாடு. "பரி, பரி!" என்றார். எழுது என்று அர்த்தமாம். என் தமிழ் மண்டைக்குள் ஒரு குதிரை ஓடி மறைந்தது. அதற்குமேல் அவர் சொன்ன வேகத்துக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, காதில் விழுந்ததையெல்லாம் அடித்தேன்.

"மகா, எல்லித்தீயா? ஹேகித்தீயா? போன் மாடோ! ஊட்ட ஆய்த்தா? ரீ, ஸ்டவ் ஆஃப் மாடித்ரா? அய்யோ தேவ்ரே. பாய், ஃபேன் ஜாஸ்தி மாடப்பா..."

எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய், போன் பண்ணு, சாப்பிட்டாயா என்பதெல்லாம் மகனுக்கு. ஸ்டவ் கணவருக்கு. ஃபேன் பாய்க்கு. எல்லாமே ஒழுங்காகக் கடிதத்தில் ஏறிவிட்டன. எனக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டே வந்த சார் என் தோளைத் தொட்டார்.

"ஸ்டவ்வையும் எழுதிட்டியா?"

"அழிச்சுடட்டுமா சார்?"

"இருக்கட்டும். அப்பதான் அவங்கம்மா எழுதினான்னு நம்புவான்."

அவர்கள் இருவரும் வெளியே போய் நின்றார்கள். அனுப்புவதற்கு முன்னால் நான் தனியாக ஒரு நிமிடம் அந்தத் திரையின் முன் இருந்தேன். எனக்கு அப்போது சாமியிடம் பேரம் பேசுகிற பழக்கம் உண்டு. இந்த ஆள் நல்லபடியாக இருக்கட்டும், சுத்தியல் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதோடு விட்டிருக்கலாம். சாரிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால், கடிதத்துக்கு அடியில் இங்கிலீஷில் இப்படி அடித்தேன்: நான் உங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். உங்கள் அப்பாவின் சுத்திகே என் கையில் உடைந்துவிட்டது. நீங்கள் பத்திரமாக இருந்தால், தயவுசெய்து அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

நியூயார்க்கில், அந்த நாளில், ஒரு மனிதரிடம் இதைக் கேட்டவன் நான். புள்ளி வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, இரண்டையும் அனுப்பிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலிலேயே தீய்ந்த வாசனை. ஸ்டவ்வை யாரும் அணைத்திருக்கவில்லை. அடியில் கருகிப்போயிருந்த சாற்றை, நம் ரசத்துக்கு அங்கே அதுதான் பெயர், அந்தம்மா மேலாக வடித்து எனக்கும் இலையில் ஊற்றினார். மாடியில் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றால் கேட்கவில்லை. மூன்று பேரும் சாப்பிடுவதுபோல் உட்கார்ந்திருந்தோம். போன் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சார் திடீரென்று கேட்டார். "நீ எதுக்கு அவகிட்ட சுத்திகே கொடுத்தே?"

"அம்மாதான் சார் கேட்டாங்க. சுத்தி கொண்டான்னு."

"அவ எங்கே கேட்டா?"

"ரெண்டு தடவை கேட்டாங்க சார். தம்பி, சுத்தி கொத்தான்னு."

சார் கையை இலையில் வைத்துவிட்டார். "சுத்தின்னா சேதி. கொத்தான்னா தெரியுமா."

எனக்கு அப்போதுதான் எல்லாம் தலைகீழாகி நேரானது. படியில் அவர் அழுதது, நான் ஆறுதல் சொன்னது, மார்க்கெட்டில் கிடைக்கும் என்றது, ரெண்டா வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றது, எல்லாமே.

"அய்யோ, ஆமா ரீ!" என்றார் அந்தம்மா. "பில்டிங் உடைஞ்சா உடைஞ்சுபோச்சு, வேற வாங்கிக்கலாங்கறான்! பையன் ஒண்ணுதானேன்னா, இனிமே ரெண்டா வாங்கி வெச்சுக்கோங்கறான்! இவனுக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நான் நெனச்சேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம் கொட்டிக்கொண்டே இருந்தது, சிரிப்பு ஒரு பக்கம் குலுங்கிக்கொண்டே இருந்தது. சாருக்கும் தோள் ஆடியது. எதைச் செய்வது என்று தெரியாமல் நான் இன்னும் கொஞ்சம் சாறு கேட்டேன். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சார் கேட்டார். "சுத்திகே எங்கே?"

"மேலதான் சார் இருக்கு. பத்திரமா."

பொய் இல்லை. இரண்டு துண்டாக, இரண்டும் பத்திரமாகத்தான் இருந்தன.

போன் வரவில்லை. காலையில் பாய் கடை ஷட்டரைத் தூக்கும்போது நாங்கள் மூன்று பேரும் அதற்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். அந்தம்மா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சார் பேண்ட் சட்டை போட்டு, பெல்ட் கட்டி, ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி விறைப்பாக நின்றார். பாய் ஒன்றும் கேட்காமல் முதல் மெஷினைத் தட்டி எழுப்பினார். அந்தக் காலத்து மோடம் தொண்டையைச் செருமி, கனைத்து, கத்தி, இழுத்து, எங்கள் உயிரையெல்லாம் வாங்கிக்கொண்டு உலகத்தோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டு கடிதம் வந்திருந்தது.

முதலாவதைத் திறந்தேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று இயந்திரம் திருப்பி அனுப்பியிருந்தது. என் முகத்தை அந்தம்மா பார்த்துவிட்டார். "ஏனு? ஏனு தம்பி?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

"இது குங்குமம்னு நெனச்சு அனுப்பினதும்மா" என்றேன். "புள்ளி இன்னொண்ணுல."

இன்னொன்றைத் திறந்தேன். பாயும் எழுந்து வந்து நின்றார். மேலே நேற்று நான் அடித்த கடிதம் முழுக்க அப்படியே இருந்தது: எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஸ்டவ், ஃபேன், எல்லாம். அதற்கும் மேலே, புதிதாக, ஒரே ஒரு வரி. கன்னடம்தான், இங்கிலீஷ் எழுத்தில். எனக்கு ஒரு கன்னட வரி ஒரு சொல் விடாமல் முழுசாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

"ஓது தம்பி, ஜோரா ஓது!" என்றார் அந்தம்மா. சத்தமாகப் படிக்கச் சொல்கிறார். சார் சரியாக என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். வேறு வழியில்லை, சத்தமாகவே படித்தேன்.

"நானு சென்னாகிதீனி. யாவ சுத்திகே?"